அடைப்புக்குறிக்குள் இருந்த பதில்

சாந்தோம் மாதா சுரூபத்தின் முன்னால் எரியும் மெழுகுவர்த்தியின் மேல் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு சொல்கிறேன்: இனி வரப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கொப்புளம் இன்னும் ஆறவில்லை. சந்தேகப்படுகிறவர்கள் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம், நான் மத்தியானத் தூக்கம் முடிந்து எழுந்த பிறகு. எரிக் தனியாக இருந்த அறையில் நடந்ததும் அவன் தலைக்குள் ஓடியதும் உனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. சத்தியம் செய்தவனைக் குறுக்குக் கேள்வி கேட்பது எங்கள் பங்குக் கோயிலில் வழக்கமில்லை.

விஷயம் மிகச் சின்னதாகத்தான் தொடங்கியது. எரிக்கின் திரையில் ஒரு கேள்வி தமிழில் வந்தது.

இன்னா மச்சி, இந்த மாட்யூல் பேரு இன்னா? [மருந்து இருப்பு]

எரிக் என்டரைத் தட்டினான். தட்டிய பிறகுதான் படித்தான். கம்ப்யூட்டர் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம் அது; விரல் முதலில் போகும், கண் பின்னால் வரும். படித்ததும் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் ஓட்டிக்கொண்டிருந்த நிரலில் தமிழ்க் கேள்வி ஒன்றுகூடக் கிடையாது. இருந்தவற்றையெல்லாம் அவன் தன் கையாலேயே அழித்துவிட்டு, மரியாதையான ஆங்கிலத்தில் எழுதிவைத்து மாதக்கணக்காகிறது.

லஸ் முனையிலிருந்து உள்ளே போகிற சந்து ஒன்றில், பழைய மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து நடத்தும் அலுவலகம் அது. சின்ன மருத்துவமனைகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் மென்பொருள் செய்து கொடுக்கிறார்கள். கீழே முதலாளி சைஃபின் அறை. மேலே, ஒரு காலத்தில் யாரோ படுத்துறங்கிய கூடத்தில், வரிசையாக மேசைகள். அன்று ஞாயிற்றுக்கிழமை, போதாததற்குக் கல்லறைத் திருநாள். வெளியே காலையிலிருந்து நிற்காத மழை. வானம் சாம்பல் கரைத்து ஊற்றியது போல ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு நின்றதில், மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியதும் விளக்குப் போட வேண்டியிருந்தது. மெட்ரோ ரயிலுக்காக லஸ்ஸுக்கு அடியில் பூமியைக் குடைந்துகொண்டிருந்த ஏதோ இயந்திரம் அவ்வப்போது அதிர, மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலுக்குள் வட்டம் வட்டமாக அலை எழுந்து அடங்கியது. பாதி காய்ந்த குடைத்துணி, பழைய சுவரின் ஈரம், ஏசிக்குள் தங்கிப்போன காப்பி எல்லாம் கலந்த அந்த வாசனை அவனுக்குப் பழகியதுதான். அதில் பயப்பட ஒன்றுமில்லை என்று அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். பயமாக இருக்கிறதா என்று யாரும் அவனிடம் கேட்டிருக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு விளக்கம் சொல்லிவிட வேண்டும். யூனிக்ஸ் வகை இயந்திரங்களுக்கு இவர்கள் மென்பொருளை முழுதாகக் கட்டி அனுப்புவதில்லை. மாட்யூல் மாட்யூலாக, துண்டு துண்டாக அனுப்புகிறார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில்தான் கட்ட வேண்டும். எதை முதலில் கட்டுவது, எது எதன் மேல் நிற்பது, கட்டி முடித்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது, கட்டும்போது விழுந்த குப்பையை எப்படிப் பெருக்குவது என்றெல்லாம் சொல்லும் ஒரு கோப்பு அதற்கு வேண்டும். கட்டுமானக் கோப்பு. ஒவ்வொரு இயந்திரமும் ஒவ்வொரு தினுசு என்பதால் அதை இங்கிருந்தே எழுதி அனுப்ப முடியாது. அங்கேயே எழுதித் தருவதற்கு ஒரு சின்ன நிரல் கூடப் போகும். அது சுற்றுமுற்றும் பார்க்கும், சில கேள்விகள் கேட்கும். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு பதில் தயாராக இருக்கும். வேறு பதில் இருந்தால் எழுதலாம். இல்லையென்றால் என்டரைத் தட்டினால் போதும். அடைப்புக்குள் இருந்ததே தட்டியவனின் பதிலாகிவிடும்.

இவர்களுடைய மாட்யூல்களுக்கு அந்த நிரலை எழுதியவள் நோரா. அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தவளும் அவளே. மனைக்கு வந்து நின்று, ஜல்லி எங்கே, மணல் எங்கே என்று பார்த்து ஆளுக்கொரு வேலை சொல்கிறவன் மேஸ்திரிதானே. கேள்விகளையும் தன் வாயால் பேசுவது போலவே சிந்தாதிரிப்பேட்டைத் தமிழில் எழுதியிருந்தாள். நாள் முழுக்க இஞ்சி மரப்பா மெல்லுவாள். வலது கை மோதிர விரலில் தடித்த வெள்ளி மோதிரம். அந்த விரலால்தான் என்டரைத் தட்டுவாள். அதனால் அவள் தட்டுவதில் இரண்டு சத்தம் இருக்கும். முதலில் விசை, பிறகு மோதிரம். டக், கிணுக். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் நோரா வேலை செய்கிறாள் என்று கூடம் முழுவதற்கும் தெரியும்.

அவளுக்கு எரிக் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். மேஸ்திரி எழுதும் கோப்பில் பெருக்கும் விதி ஒன்று உண்டு. கட்டியது எந்த இடத்தில் என்று பெயர் கொடுத்தால் அந்த இடத்துக் குப்பையை மட்டும் பெருக்கித் தள்ளும். எரிக் ஒருநாள் அவசரத்தில் அதில் கைவைத்து, இடத்தின் பெயரைக் காலியாக விட்டுவிட்டான். பெயர் இல்லாத விதிக்கு எல்லா இடமும் ஒன்றுதான். ஒரு மருத்துவமனையின் நோயாளிக் குறிப்புகள் அத்தனையும் ஒரு பிற்பகலில் பெருக்கப்பட்டுவிட்டன. சைஃப் படியேறி மேலே வந்து யார் என்று கேட்பதற்குள், கடைசியாகத் தொட்டது யார் என்ற தடயத்தை எரிக் அழித்திருந்தான். வாயால் எதுவும் சொல்லவில்லை. திரையை சைஃப் பக்கம் திருப்பி வைத்தான். உச்சியில் இருந்தது: எழுதியது நோரா.

அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டார்கள். பையை மாட்டிக்கொண்டு போகும்போது எரிக்கின் மேசைப் பக்கம் ஒரு நிமிஷம் நின்றாள். அழவில்லை, திட்டவும் இல்லை.

"நீ எதையும் படிக்காம என்டர் தட்டற ஆளு மச்சி," என்றாள். "ஒரு நாள் படிச்சுப் பாப்ப."

அதன்பிறகு தி. நகரிலும் தரமணியிலும் அவளை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை. அவள் போவதற்கு முன்னாலேயே அந்தக் கதை போய்ச் சேர்ந்திருந்தது. அடுத்த மழையில் காய்ச்சல் கண்டாள். குவிபிள் ஐலண்ட் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். எரிக் அடக்கத்துக்குப் போகவில்லை. அந்த நேரத்தில் இதே நாற்காலியில் உட்கார்ந்து, மேஸ்திரியின் ஒவ்வொரு கோப்பிலும் நோரா என்று இருந்த இடத்தில் எரிக் என்று மாற்றிக்கொண்டிருந்தான். அதற்கு ஒரே கட்டளைதான். தட்டினால் எல்லாக் கோப்பிலும் ஒரே மூச்சில் மாறிவிடும்.

நாளை திங்கள்கிழமை. ஜெர்மனியிலிருந்து வந்து ஒரு பெரிய ஓட்டலில் தங்கியிருக்கிறவர்கள் இங்கே வருவார்கள். புத்தம்புது இயந்திரம் ஒன்றைத் திறந்து, அவர்கள் கண் முன்னால் எல்லா மாட்யூல்களையும் கட்டிக்காட்ட வேண்டும். ஓடினால் வாங்கிக்கொள்வார்கள்; எழுதியவன் என்ற முறையில் எரிக் அவர்களோடு தலைமைப் பொறுப்பில் போவான். அங்கே அவன் அறைக் கதவில் மாட்ட சைஃப் பித்தளையில் பெயர்ப்பலகைகூடச் செய்துவிட்டார். ஓடாவிட்டால், எழுதியவன்தானே நீ, இப்போதே சரிசெய் என்று கொண்டுவந்து அவன் முன்னால் வைப்பார்கள். அப்போது எழுதியவன் அவனில்லை என்பது அந்த மேசையிலேயே தெரிந்துபோகும். அதோடு மற்றதும்.

அதனால்தான் தன் அம்மா தேசம்மாவிடம் மாலை கல்லறைக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, அதே குவிபிள் ஐலண்டில் இருக்கும் அப்பாவின் கல்லறைக்கு வாங்கிய சாமந்தி மாலையை மேசைக்கடியில் பிளாஸ்டிக் பையோடு வைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப்பார்க்க உட்கார்ந்திருந்தான்.

ஒரு தமிழ்க் கேள்வி. பழைய பிரதி எதுவோ எங்கோ தங்கியிருக்கிறது. அவ்வளவுதான்.

அடுத்த மாட்யூல் இருந்த ஃபோல்டருக்குள் போய் மேஸ்திரியை மறுபடி ஓட்டினான்.

எழுதுனது யாரு? [நோரா]

இந்த முறை விரலைப் பிடித்து நிறுத்தினான். மழை ஜன்னல் தகட்டில் கொட்டுகிற சத்தம் சட்டென்று பெரிதாகக் கேட்டது. நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, எரிக் என்று எழுதி என்டரைத் தட்டினான்.

நெஜமா? [இல்ல]

அதையும் தட்டிவிட்டான். விரலுக்கு என்ன தெரியும்.

கோப்பு எழுதப்பட்டது என்று திரை சொன்னது. அவன் மேஸ்திரியின் மூல நிரலைத் திறந்து மேலிருந்து கீழ்வரை படித்தான். உச்சியில் அவன் பெயர். உள்ளே எல்லாக் கேள்வியும் ஆங்கிலம். யார் எழுதியது என்ற கேள்வியே அதில் இல்லை. இயந்திரம் முழுவதிலும் நோரா என்ற சொல்லைத் தேடச் சொன்னான்; அது நெடுநேரம் சுழன்றுவிட்டு, எங்கும் இல்லை என்றது. ஒரு தமிழ் எழுத்துகூட எங்கும் இல்லை என்றது. அந்த ‘இல்லை’யைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுதான், குடை ஈரத்துக்கும் சாமந்திக்கும் நடுவில் வேறொரு வாசனை மூக்கில் ஏறியது. காரமும் இனிப்புமாக. வெல்லப்பாகில் போட்ட இஞ்சி.

கீழே தெருவில் யாரோ மென்றுகொண்டு போயிருப்பார்கள். மூடிய ஜன்னல் வழியாகவா என்று அவன் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதற்குக் கொஞ்சம் சிரமப்பட்டான்.

இந்த வேகத்தில் ஒவ்வொரு கேள்வியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் கல்லறை வாசலைப் பூட்டிவிடுவார்கள் என்று தோன்றியது. அப்போதுதான் அவன் அந்தத் தொழிலில் இருக்கிற எவனும் செய்வதைச் செய்தான். நூறு முறை செய்ததுதான். அதற்கென்று ஒரு வரி உண்டு. அதை எழுதி வைத்துவிட்டால் அதன்பிறகு நிரல் நின்று கேட்காது. கேள்வியைத் தானே போட்டு, அடைப்புக்குறிக்குள் இருப்பதைத் தானே பதிலாக எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். இனிமேல் என்னைக் கேட்காதே, நீ எதை வைத்திருக்கிறாயோ அதற்கெல்லாம் நான் சம்மதம் என்று அர்த்தம்.

எழுதினான். எல்லா மாட்யூல்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டச் சொன்னான். என்டரைத் தட்டினான்.

வரிகள் ஓடத் தொடங்கின. எரிக் நாற்காலியில் சாய்ந்து கண்ணைத் தேய்த்துக்கொண்டான். பூமிக்கடியில் இயந்திரம் அதிர்ந்தது; பாட்டிலில் வட்டங்கள் எழுந்து அடங்கின. அதிர்வு நின்ற பிறகும் ஒரு சின்னச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. கூடத்தின் மறுகோடியில், நோரா உட்கார்ந்திருந்த மேசையில், இப்போது பழைய பிரிண்டரும் பிய்ந்த அட்டைப்பெட்டிகளும் கிடக்கும் இடத்தில். அவன் திரையில் ஒரு வரி போகும்போது ஒரு சத்தம். அடுத்த வரி, அடுத்த சத்தம்.

டக், கிணுக்.

டக், கிணுக்.

கூரை ஒழுகி எதன் மேலோ சொட்டுகிறது. போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தான். எழுந்திருக்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பவும் இல்லை. ஓடிப்போன வரிகளை மட்டும் மேலே தள்ளிப் படித்தான். தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒவ்வொன்றாகப் படித்தான்.

கதவு சாத்தி கீதா? [சாத்தி கீது]

வேற யார்னா ஆபீஸ்ல கீறாங்களா? [ஒரே ஒர்த்தி]

எரிக்கு அவங்க அப்பன் கல்லறைக்கு வருவானா? [வரமாட்டான்]

அவனுக்குப் பதிலா வேற ஆள் கட்டிடலாமா? [கட்டு]

எத வச்சு கட்றது? [அவன் கைல கீறத எட்து]

கட்டி எங்க வைக்கிறது? [குவிபிள் ஐலண்டு]

அம்மா கிட்ட பேச உடலாமா? [ஒரு தபா]

அதற்குக் கீழே கட்டும் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. வழக்கமாக மாட்யூல்களின் பெயர்கள் வரும் இடத்தில், முதுகு, முடிந்தது. நடை, முடிந்தது. நிற்கும் விதம், முடிந்தது. எரிக்கின் முதுகில், சட்டைக்கும் தோலுக்கும் நடுவே, யாரோ நாடா வைத்து அளப்பது போலக் குளிர் ஓடியது. கண்ட்ரோலையும் சியையும் சேர்த்து அழுத்தினான். எதையும் நிறுத்துகிற விசைகள் அவை.

நிறுத்தணுமா? [வேணாம்]

அதுவும் தானே பதில் சொல்லிக்கொண்டு போய்விட்டது.

கைபேசி அடித்தது. அம்மா. எடுத்ததும் முதலில் மழை கேட்டது, பிறகு கல்லறைத் தோட்டத்தின் கூட்டம், யாரோ ஜெபமாலை சொல்லும் முணுமுணுப்பு.

"இன்னாடா எரிக்கு," என்றாள் தேசம்மா, "அப்பாவ உட்டுட்டு ஒன் ஆபீஸ் பொண்ணு நோரா கல்லறையாண்ட போய் நின்னுக்கினு கீற. கூப்டா திரும்பக்கூட மாட்டேன்ற."

"அம்மா, நான் ஆபீஸ்ல இருக்கேன்."

"மழையில நனைஞ்சிக்கினு வெளையாட்டு வேறயா. ஒன் முதுக எனக்குத் தெரியாது?"

அவன் மறுபடி அம்மா என்று சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது. ஒரு தபா முடிந்தது.

எழுந்துவிட்டான். பையை எடுத்தான். சாமந்தி மாலையை எடுத்தான். படிக்கட்டுக் கதவின் கைப்பிடியைத் திருகினான். அது எப்போதும் போலத் திரும்பியது, எப்போதும் போலக் கிரீச்சிட்டது, ஆனால் கதவு வரவில்லை. சாத்தி கீது. தோளால் மோதினான். மரம் அசையவில்லை, மோதிய சத்தம்கூட அவன் எதிர்பார்த்த அளவுக்குப் பெரிதாக இல்லை. யாரோ பக்கத்து வீட்டில் மோதியது போலிருந்தது.

பின்னால் திரை நிறம் மாறியது. அவன் திரும்பினான்.

கட்டியாச்சு. குப்பையெல்லாம் பெருக்கித் தள்ளிடலாமா? [தள்ளு]

டக், கிணுக்.

அந்த விதியை அவனுக்குத் தெரியும். அவன் அளவுக்கு வேறு யாருக்கும் அது நன்றாகத் தெரியாது. மேசைக்குத் தாவி லேப்டாப்பின் மின்கம்பியைப் பிடுங்கினான். பேட்டரியில் அது ஓடிக்கொண்டிருந்தது. மூடியை அறைந்து சாத்தினான். மூடிக்குள்ளிருந்து வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. அவள் மேசையிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. பொறுமையாக. வேலை நேரத்து வேகத்தில்.

டக், கிணுக்.

சுவரோடு சாய்த்து வைத்திருந்த புதுப் பெயர்ப்பலகையில் எழுத்து இல்லை. வெறும் பித்தளை.

டக், கிணுக்.

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பினான். வெள்ளை. பின்புறமும் வெள்ளை.

டக், கிணுக்.

கூடத்துச் சுவரில் ஆண்டு விழாவில் எடுத்த படம். எல்லாரும் கேக்கைச் சுற்றி நிற்கிறார்கள். நடுவில் ஒரு ஆள் இடைவெளி. இரண்டு பக்கமும் நிற்கிறவர்கள் அந்த இடைவெளியை நோக்கிக் கொஞ்சம் சாய்ந்திருக்கிறார்கள், தோளில் யாருடைய கையோ இருப்பது போல. சட்டைத் துணிகூட அங்கே அழுந்தியிருந்தது.

எரிக் அம்மாவை அழைத்தான். அழைக்க முடிந்தது. மணி போனது. எடுத்தாள்.

"யாருங்க?"

"அம்மா. நான்தாம்மா. எரிக்."

மழை.

"ராங் நம்பர்ங்க. எம்புள்ள இதோ எம் பக்கத்துலயே கீறான்."

அவள் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அவளுக்கு எப்போதும் சரியாகத் துண்டிக்கத் தெரியாது. அப்படியே பைக்குள் போட்டுவிடுவாள். துணி உரசியது. ஜெபமாலைச் சத்தம் மங்கியது. நடை கேட்டது. ஈர மணலில் அவளுடைய செருப்பு, அதை ஒட்டி இன்னொரு நடை. கனமான, கொஞ்சம் வலது கால் இழுக்கும் நடை. அவனுடைய நடை.

"ஊட்டுக்குப் போலாமா நைனா?" என்று தேசம்மா கேட்டாள்.

பதில் குரலில் வரவில்லை. குடைக் கம்பியிலோ கல்லறைக் கல்லிலோ ஒரு விரல் தட்டியது.

டக், கிணுக்.

"பட்டினப்பாக்கத்துல வஞ்சிரம் வாங்கிக்கலாமா?"

டக், கிணுக்.

"அந்த வெளிநாட்டு வேலையெல்லாம் வேணாம்டா. எங்கூடவே இருந்துடு. இன்னா சொல்ற?"

டக், கிணுக்.

"இன்னா கேட்டாலும் சரின்ற," என்றாள் அம்மா. குரலில் சந்தோஷம் இருந்தது. எரிக் பல வருஷங்களாக அந்தக் குரலில் கேட்காத சந்தோஷம். "இப்பத்தான் நல்ல புள்ள."

நடை தூரமாயிற்று. அவன் கத்தினான். கத்தியது அவனுக்கே கேட்கவில்லை. கைபேசி கையிலிருந்து விழுந்தது. தரையில் பட்ட சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது, அறையில் அதுவரை யாருமே இல்லாதது போல.

சத்தம் நின்றிருந்தது. அவள் மேசையில், கூடத்தில், பூமிக்கடியில், எங்கும். மழைகூட மெலிந்திருந்தது. லேப்டாப்பின் மூடி தானே மெல்ல மேலெழுந்தது. திரையில் ஒரே ஒரு வரி. இந்த முறை அது ஓடிப்போகவில்லை. நின்றது. காத்திருந்தது.

இங்க இன்னும் யார்னா கீறாங்களா? [ ]

அடைப்புக்குள் ஒன்றும் இல்லை. காலி. அவன் ஒருநாள் விட்டது போலவே காலி.

அவன் படித்தான். ஒருமுறை. இன்னொரு முறை. பதிலை எழுத வேண்டும். தன் பெயர். அவ்வளவுதான். விசையை அழுத்தினான்.

விசை இறங்கவில்லை.

விரல் அதன் மேல்தான் இருந்தது. இருக்க வேண்டும். ஆனால் கண்ணுக்கு விசைகள் மட்டுமே தெரிந்தன. சாமந்தி மாலை தரையில் கிடந்தது, அவன் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த மாலை. கறுத்த ஜன்னல் கண்ணாடியில் கூடம் முழுவதும் தெரிந்தது. மேசைகள், விளக்கு, திறந்த லேப்டாப், தள்ளிவிட்ட நாற்காலி. நாற்காலிக்குப் பின்னால், அவன் நிற்கிற இடத்துக்கு நேர் பின்னால், ஒரு கை நீண்டுகொண்டிருந்தது. யாருமில்லாத இடத்தைத் தாண்டி, அவசரமே இல்லாமல், மோதிர விரலை நீட்டி, என்டரை நோக்கி.

இஞ்சி வாசனை.

அவன் அந்த வெற்று அடைப்புக்குறியையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல் விசையின் மேல் இறங்கி, தொட்டு, அழுத்தாமல் நின்றது. அவன் படித்து முடிக்கட்டும் என்று.

நோரா என் தங்கை மகள், அடையாறு இந்திரா நகரில் நன்றாக இருக்கிறாள், இதில் வரும் கம்ப்யூட்டர் சமாசாரங்களையெல்லாம் இஞ்சி மரப்பா மென்றுகொண்டே சரிபார்த்துக் கொடுத்ததும் அவள்தான்.